கணக்கியல் படித்த மகள் ஈஆர்பி வேலைக்குப் போகலாமா?

வணக்கம் அம்மா.

பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சியில் கணக்கியல் எடுத்த மகள், நம் மொரிஷியஸின் கணினி நகரமான எபேனில் ஈஆர்பி வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவளுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே ஒத்துவரும். கொள்முதல், சரக்கு, விற்பனை, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து நடத்தும் மென்பொருள்தான் ஈஆர்பி. அதை நிறுவனத்துக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுப்பவர் ஃபங்க்ஷனல் கன்சல்டன்ட். அவருக்கு நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் வேலை ஓடும். பற்று வரவு தெரியாவிட்டால் ஓடாது. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் மகசினியேயிடம் கிரியோலில் கேட்டு, பிரெஞ்சில் கூட்டம் நடத்தி, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டிய வேலை இது. நம் பிள்ளைகளுக்கு அது பழகிய காரியம்.

இப்போது இத்துறைக்குத் தேவை கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. வருவாய் ஆணையமான எம்ஆர்ஏ, 100 மில்லியன் ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களில் 2024இல் தொடங்கி, மின்-பில் முறையைக் கட்டம் கட்டமாகக் கொண்டுவருகிறது. பில் ஆணையத்தின் தளத்துக்குப் போய், பதிவெண்ணும் கியூஆர் குறியும் பெற்றுத் திரும்ப வேண்டும். பழைய மென்பொருளை வைத்திருப்பவர்கள் இணைப்பு நிரல் சேர்க்க வேண்டும், அல்லது மென்பொருளையே மாற்ற வேண்டும். 2020 செப்டம்பரில் சம்பளத்தில் பிடிக்கும் ஓய்வூதியப் பங்களிப்பான என்பிஎஃப் போய், அதற்குப் பதில் சிஎஸ்ஜி என்ற சமூகப் பங்களிப்பு வந்தபோது சம்பளப் பகுதிக்கும் இதே நிலைதான். தங்கள் வசதிக்காக மென்பொருளின் உள்நிரலையே ஏகப்பட்ட இடங்களில் திருத்தி வைத்த நிறுவனங்களுக்குத்தான் இதில் அதிகச் சிரமம். ஒவ்வொரு புதுப் பதிப்பு வரும்போதும் அத்தனை திருத்தங்களையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கும்.

சேஜ், மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரல், எஸ்ஏபி பிசினஸ் ஒன், ஓடூ, இவற்றில் எதைக் கற்பது என்ற கவலை இப்போது வேண்டாம். அடியில் ஓடும் கணக்கு ஒன்றே. ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு இலவசம்; சாதாரண மடிக்கணினியிலேயே நிறுவலாம். தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை கிடைக்கும் மாதங்களில் மகள் இந்த ஒரு பயிற்சியைச் செய்யட்டும்.

ரோஸ் ஹில்லில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருள் ஒன்று 40 டாலர் வீதம் 100 சுருள் வாங்குகிறது. டாலர் 46 ரூபாய் என்றால் சரக்கின் மதிப்பு 1,84,000. 30 சுருளை, ஒன்று 3,000 ரூபாயும் 15 சதவீத வாட் 450 ரூபாயுமாக விற்றுவிட்டது. அதற்குப் பிறகு கப்பல் கூலியும் சுங்கமுமாக 16,000 ரூபாய்க்குச் சீட்டு வருகிறது. அதைச் செலவுக் கணக்கில் அப்படியே போட்டால் தவறு. சுருளுக்கு 160 ரூபாய் அடக்கவிலை கூடுகிறது. கையிருப்பில் உள்ள 70 சுருளுக்கு 11,200, விற்ற 30 சுருளுக்கு 4,800 என்று பிரிய வேண்டும். கடைசியில் கிடங்கின் மதிப்பு 1,40,000 காட்ட வேண்டும், பேரேட்டின் சரக்குக் கணக்கும் அதே 1,40,000 காட்ட வேண்டும். சுங்கத்தில் கட்டிய வாட் இந்தத் தொகையில் சேராது. அதைத் திரும்பக் கோரலாம். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று அவளே தேடிக் கண்டுபிடித்துவிட்டால், இந்த வேலையின் மையத்தைத் தொட்டுவிட்டாள். பிறகு ஐந்து சுருளைத் திருப்பி வாங்கி, அந்தத் தொகையைப் பில்லில் கழிக்கும் கிரெடிட் நோட் போட்டுப் பார்க்கட்டும்.

வேலையில் சேர்ந்தபின் அவள் அதிகம் போராடப்போவது தரவோடு. ஒரே பொருள் மூன்று பெயரில் பதிவாகியிருக்கும். வாங்குவது பெட்டியில், விற்பது எண்ணிக்கையில். ஒரு பெட்டிக்கு 24 என்று யாரும் பதிந்திருக்க மாட்டார்கள், முதல் வாரத்திலேயே கையிருப்பு கழித்தலில் போகும். அதனால் பழைய தரவைப் புதிய மென்பொருளில் குறைந்தது இரண்டு முறையாவது ஒத்திகையாக ஏற்றிப் பார்க்க வேண்டும். தொடக்க இருப்புகள் பழைய இருப்பாய்வோடு (எல்லாக் கணக்குகளின் மீதியையும் காட்டும் பட்டியல்) சதம்வரை ஒத்துப்போன பிறகே மாற்றத்துக்குக் கையெழுத்து. சம்பளத்தை இரண்டு மாதமாவது பழையதிலும் புதியதிலும் போட்டு ஒப்பிட வேண்டும்.

புதிய மென்பொருளுக்கு மாறும் தேதியிலும் கவனம் வேண்டும். ஜனவரி 1 பார்க்க அழகான தேதி, ஆனால் நம் தீவில் அதற்கு முந்தைய வாரங்களில் ஆண்டிறுதி போனஸ் கணக்கு, முதல் இரண்டு நாளும் விடுமுறை, பின்னாலேயே காவடி, அதோடு புயல் பருவம். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்தால் அலுவலகமே மூடிவிடும். கணக்காண்டு ஜூனில் முடியும் நிறுவனத்துக்கு ஜூலை 1 எவ்வளவோ மேல்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் அவளைப் போன்ற புதியவரும் ஒரு பெரிய உதவி செய்யலாம். விற்பவர் தயாரித்து வந்த காட்சிக்குப் பதிலாக, நிறுவனத்தின் சொந்த பில்கள் பத்தைக் கொடுத்து, அவற்றை அங்கேயே பதிந்து காட்டச் சொல்லட்டும். பாதிச் சரக்கு மட்டும் வந்த கொள்முதல், டாலர் பில்லுக்கு யூரோவில் கட்டிய பணம் போன்றவை அதில் இருக்கட்டும். விலையையும் உரிமக் கட்டணத்தோடு நிறுத்தாமல், அமைப்பு, பயிற்சி, பராமரிப்பு சேர்த்து ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, கணக்கியல் அல்லது நிதி சார்ந்த பட்டமோ, ஏசிசிஏ என்ற கணக்காளர் தொழில்முறைத் தகுதியோ போதும். கூடவே எக்செல் ஆழமாகவும், தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல் கொஞ்சமும் தெரியட்டும். பெரும் கட்டணம் கேட்கும் ஈஆர்பி சான்றிதழ் வகுப்புகளில் இப்போது பணம் கட்டாதீர்கள். பிசினஸ் சென்ட்ரலுக்கான எம்பி-800 போன்ற தேர்வுகளை ஓர் உண்மையான திட்டத்தில் வேலை செய்தபின் எழுதினால்தான் பலன். பல நிறுவனங்கள் அந்தச் செலவைத் தாங்களே ஏற்கின்றன.

நேர்காணலில் அவளும் இரண்டு கேள்வி கேட்கட்டும். முதல் மாதத்தில் வாடிக்கையாளரின் கிடங்குக்கு என்னை அனுப்புவீர்களா? நான் பதிந்ததைச் சரிபார்க்கும் மூத்தவர் யார்? இரண்டுக்கும் தெளிவான பதில் இருந்தால், ஆரம்பச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அங்கே சேரச் சொல்லுங்கள்.