பேஸ்பாலில் 21 வயது அவுட்ஃபீல்டருக்கு (மைதானத்தின் வெளிப்பகுதியில் ஃபீல்டிங் செய்பவர்) எட்டு வருட ஒப்பந்தம் தரலாமா?

தாராளமாகத் தரலாம். என் கணக்கில் லாபம் அணிக்குத்தான். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலில் ஆறு வருட சர்வீஸ் (லீக்கில் இருந்த காலம்) முடியும்வரை ஒரு வீரர் தன் இஷ்டத்துக்கு அணி மாற முடியாது. முதல் மூன்று வருடம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம்தான். அந்த நேரத்தில் பெரிய தொகையைக் காட்டினால் யார்தான் மறுப்பார்கள்?

2019-இல் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி 21 வயது அவுட்ஃபீல்டர் ரொனால்ட் அகுன்யாவை 8 வருடத்துக்கு 10 கோடி டாலரில் மடக்கிப் போட்டது. 2023-இல் அவர் 41 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தார், 73 பேஸ் திருடினார் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருதும் வாங்கினார். 2021-இல் வலது முழங்கால் தசைநார் கிழிந்தது, 2024-இல் இடது. அப்போதும் சம்பளம் நிற்கவில்லை. வீரருக்கு அதுதான் காப்பீடு.

சரி, மறுத்தவரும் உண்டு. இன்னொரு அவுட்ஃபீல்டர் ஹுவான் சோட்டோ 2022-இல் வாஷிங்டன் அணி நீட்டிய 44 கோடி டாலரை வேண்டாம் என்றார். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி கொடுத்தது 76.5 கோடி டாலர்!