எடை கூடிவரும் 9 வயது மகனுக்கு மட்டும் சாப்பாட்டைக் குறைக்கலாமா?

புதுச்சேரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். மகனுக்கு 9 வயது, எடை ஏறிக்கொண்டே போகிறது, காய் தொடமாட்டான், செல்போனை விட்டு அசையமாட்டான், அவன் சாப்பாட்டை மட்டும் குறைக்கலாமா என்று. தயவுசெய்து வேண்டாம். நான் அதைச் செய்து பார்த்தவள்.

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். மூத்தவள் பூசினாற்போல் இருப்பாள், இளையவன் ஒல்லி. அவளுக்கு 10 வயதில், கல்யாண வீட்டில் யாரோ சொன்ன ஒரு சொல்லைத் தாங்கமுடியாமல், இரவு இரண்டு இட்லிக்கு மேல் கிடையாது என்று நிறுத்தினேன். அதே நேரம் தம்பி தட்டில் நெய் தோசை, பக்கத்தில் மிக்சர். ஒரு மாதம் கழித்து அவள் பள்ளிக்கூடப் பையைத் துவைக்க எடுத்தால், அடியில் நான்கு பிஸ்கட் கவர். திட்டப் போனேன். "தம்பிக்கு மட்டும்தான் பசிக்குமாம்மா?" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுவாரம் குழந்தை மருத்துவரிடம் போனோம். உயரம், எடை இரண்டையும் அளந்து, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில் புள்ளி வைத்துக் காட்டினார். இவளுக்கு எடையை இறக்க வேண்டாம், மேலும் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும், உயரம் கூடக்கூட சரியாகிவரும் என்றார். கழுத்தின் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே தோல் கருத்துத் தடித்திருந்தால் நாம் அழுக்கு என்று தேய்ப்போம். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாமாம். உங்கள் மகனுக்கும் ஒருமுறை பாருங்கள். இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. சொல்ல எளிது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது பஜ்ஜிப் பொட்டலத்தோடுதான் வருவார். அத்தையோ, "வளர்ற புள்ள வாயைக் கட்டாதே" என்பார். அவரோடு வாதாடி எனக்குப் பழக்கமில்லை. "சின்ன வயசுல சாயங்காலம் என்ன அத்தை சாப்புடுவீங்க?" என்று கேட்டேன். அவித்த வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பொங்கல் சமயத்தில் பனங்கிழங்கு என்று அடுக்கினார். அடுத்த நாளே அவரே அவித்து வைத்தார். பேரப்பிள்ளைகளுக்குத் தன் கையால் கொடுக்க ஏதாவது வேண்டும் என்பதுதான் அவருக்குக் குறை. நான் அதைப் பிடுங்கப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

கூல்டிரிங்ஸ் வாங்கி வைப்பதை அடியோடு நிறுத்தினோம். கோலா வகையில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை. 250 மில்லி பாட்டிலில் 25 கிராம், ஆறு டீஸ்பூன். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 சதவீதம் என்பது பெரியவருக்கே ஏறக்குறைய அந்த ஒரு பாட்டில்தான்.

காய்க்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். தட்டில் என்ன வைப்பது என்பது நம் பொறுப்பு, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் விருப்பம். ஒரு ஸ்பூன் வைத்துவிட்டுப் பேசாமல் நாமும் அதையே சாப்பிட வேண்டும். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே சில பிள்ளைகள் வாயில் வைக்கும். எங்கள் சின்னவன் உழவர் சந்தையில் தானே பொறுக்கி எடுத்த அவரைக்காயைத்தான் முதலில் தின்றான்.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது கணக்கு. அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. நாங்கள் வாரத்தில் மூன்று மாலை தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போவோம். மணலில் ஓடிப்பிடித்து விளையாடினால் பத்து நிமிடத்தில் எனக்கே வேர்த்துவிடும். உங்களுக்குக் கடற்கரைச் சாலையே இருக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டி விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து அவனோடு சேர்ந்து நடங்கள். அவனை மட்டும் அனுப்பினால் தண்டனை போலத் தோன்றும். கடற்கரை பஜ்ஜியை நாங்கள் முழுக்க விடவில்லை, மாதம் ஒருமுறை உண்டு.

செல்போனுக்கு ஒரே விதி: சாப்பிடும்போது எல்லோருடைய போனும் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும், வீட்டுக்காரர் போன் உட்பட. முதல் வாரம் மிகவும் சிரமப்பட்டவர் அவர்தான்.

இன்னொன்று, உறவினர் வாய். "குண்டு" என்று செல்லமாகக்கூட யாரும் கூப்பிட விடாதீர்கள். போன தீபாவளிக்கு ஒரு பெரியவர் மகளை அப்படி அழைத்தபோது நான் வாயைத் திறப்பதற்குள், "அக்காவுக்குப் பேர் இருக்கு தாத்தா" என்றான் சின்னவன். அவள் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு மத்தாப்பு கொளுத்தப் போய்விட்டாள்.