வாங்கிய சில நாட்களிலேயே பழுதாகும் சாதனங்கள்: கேள்வி பதில்

வீட்டுக்கு வந்த புதிய சாதனம் சில நாட்களிலேயே பழுதாகிவிட்டால் என்ன செய்வது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். சாதனங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வந்த கேள்விகளில் தொழில்நுட்பத்தைவிட மனக்கசப்புதான் அதிகம். அது நியாயமான கசப்பு. சேமித்து, யோசித்து, நாலு பேரிடம் விசாரித்து வாங்கிய பொருள் ஒரு வாரம்கூட ஓடவில்லை என்றால் யாருக்குத்தான் மனம் கொதிக்காது? நிறுவனங்களின் பெயர்களை மட்டும் எடுத்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின் வாங்கினோம். முதல் தடவை துணி பிழியும்போதே வீடு அதிர்கிற மாதிரி சத்தம். இயந்திரம் ஓரடி நகர்ந்துவிட்டது. கடையில் கேட்டால் உங்கள் வீட்டுத் தரை சரியில்லை என்கிறார்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இயந்திரத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட்டுகள் இன்னும் இறுகியிருந்தால், காரணம் அதுதான். உள்ளே டிரம் ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருக்கும். வண்டியில் கொண்டுவரும்போது அது ஆடி உடையாமல் இருக்க, தொழிற்சாலையிலேயே இந்தப் போல்ட்டுகளால் இறுக்கிப் பூட்டி அனுப்புவார்கள். பொருத்த வந்தவர் முதல் வேலையாக அவற்றைக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றாமல் ஓட்டினால், நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கு மேல் சுழலும் டிரம்மின் அதிர்வு முழுவதும் இயந்திரத்தின் உடலுக்கு வந்துவிடும்.

கழற்றிய ஓட்டைகளை அதற்கென்று கொடுத்திருக்கும் மூடிகளால் அடைத்துவிடுங்கள். போல்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், வீடு மாறும்போது மறுபடி தேவைப்படும். ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. போல்ட்டுகளோடு ஓடியதால் பேரிங்குக்கோ அதிர்வு தாங்கிகளுக்கோ சேதம் வந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் ஆளை வரச்சொல்லிப் பரிசோதிக்க வையுங்கள். பொருத்தும்போது போல்ட்டுகள் கழற்றப்படவில்லை என்பதை அவருடைய ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் பேரிங் போனால் அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

போல்ட்டுகள் ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தால், மேல்பலகையின் எதிரெதிர் மூலைகளை அழுத்திப் பாருங்கள். ஆடினால் கால்களின் உயரத்தைச் சரிசெய்து, அதன் பூட்டு நட்டை இறுக்குங்கள்.

கேள்வி: புதியது ஏன் பழுதாக வேண்டும் என்பதே எனக்குப் புரியவில்லை. தேய்ந்த பிறகு பழுதானால் சரி. எங்கள் தாத்தா காலத்துப் பொருட்கள் இன்னும் ஓடுகின்றன.

பலருடைய மனத்தில் இருக்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பொறியியலில் குளியல் தொட்டி வளைவு என்று ஒரு வரைபடம் உண்டு. ஒரே மாதிரிச் சாதனங்கள் ஆயிரக்கணக்கில் விற்கப்படும்போது, எந்தக் காலத்தில் எத்தனை பழுதாகின்றன என்று கோடு வரைந்தால் அது தொட்டியைக் குறுக்காக வெட்டிய வடிவில் இருக்கும். ஆரம்பத்தில் உயரம், நடுவில் நீண்ட தாழ்வு, கடைசியில் மறுபடி ஏற்றம். கடைசி ஏற்றம்தான் நீங்கள் சொல்லும் தேய்மானம். முதல் உயரத்துக்குக் காரணம் தேய்மானம் இல்லை. பிறவியிலேயே இருந்த குறை. சர்க்யூட் போர்டில் சரியாக உருகிப் பிடிக்காத ஓர் ஈயப்பற்று, பாதிதான் செருகப்பட்ட ஒரு கனெக்டர், குளிர்வாயுக் குழாயின் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை. தொழிற்சாலையின் சிறு பரிசோதனையில் இவை தப்பிவிடும். உங்கள் வீட்டில் நாலு முறை சூடாகி ஆறிய பிறகு, விரிந்து சுருங்கி, அந்தப் பற்று விட்டுப்போகும். வண்டிப் பயணத்தின் குலுக்கலும் அதற்குத் துணை செய்யும்.

தாத்தா காலத்துப் பொருட்கள் விஷயத்தில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் வாங்கிப் பழுதாகிப் போனவை இன்று நம் கண்ணில் படுவதில்லை, பிழைத்தவற்றை மட்டுமே பார்க்கிறோம். அதே சமயம், பழைய இயந்திரத்தில் ஒரு மோட்டாரும் திருகும் ஒரு டைமரும் இருந்தன. இன்றைய இயந்திரத்தில் போர்டு, சென்சார், தொடுதிரை என்று உறுப்புகள் கூடிவிட்டன. உறுப்பு கூடினால் பழுதாகும் இடமும் கூடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை ஆலோசனை சொல்ல முடியும். புதிய பொருளைப் பொத்திப் பொத்தி வைக்காதீர்கள். முதல் சில வாரங்களிலேயே எல்லா வசதிகளையும் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் வாங்கிய ஏ.சி.யைக்கூட ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். பிறவிக் குறை இருந்தால், மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் அது வெளிப்படட்டும்.

கேள்வி: காலையில் பிரிட்ஜ் வந்தது. ஐந்து மணி நேரமாகியும் உள்ளே குளிர் இல்லை. பக்கவாட்டுச் சுவர்கள் மட்டும் சுடுகின்றன. பழுதான பொருளைத் தள்ளிவிட்டார்களா?

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. பல புதிய பிரிட்ஜுகளில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய்கள் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகின்றன. முதல் நாள் அவை நன்றாகவே சுடும். உள்வெப்பம் நிலைக்கு வர 24 மணி நேரம்வரை ஆகலாம். இன்னொன்று, படுக்க வைத்துக் கொண்டுவந்தார்களா என்று கேளுங்கள். அப்படிக் கொண்டுவந்தால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் சும்மா விட்ட பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு நடுத்தட்டில் வையுங்கள். 4 டிகிரி செல்சியஸை ஒட்டி வர வேண்டும். உறைபெட்டி மைனஸ் 18-ஐ ஒட்டி. வரவில்லை என்றால் காது கொடுத்துக் கேளுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை 'டிக்' என்று சத்தம் வந்து உடனே அடங்கினால் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது. கம்ப்ரஸரைக் கிளப்பிவிடும் ரிலே என்ற சுவிட்ச் பழுதாக இருக்கலாம், மின்னழுத்தம் குறைவாகவும் இருக்கலாம். கம்ப்ரஸர் விடாமல் ஓடியும் குளிர் இல்லை என்றால் வாயு கசிந்திருக்கக்கூடும். அப்படிப்பட்ட நிலையில் வீட்டிலேயே வாயு நிரப்பித் தருகிறோம் என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. தொழிற்சாலையில் ஈரம் துளியும் இல்லாமல் மூடிய குழாய்த்தொகுதியை முதல் மாதத்திலேயே வெட்டித் திறந்து ஒட்டிய பிரிட்ஜ் புதிய பிரிட்ஜ் இல்லை. மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏ.சி. பொருத்திய முதல் சில வாரங்கள் நன்றாகக் குளிர்ந்தது. இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. வந்து பார்த்தவர் 'கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்' என்று கட்டணம் கேட்கிறார்.

கேஸ் தீராது. அது எரிபொருள் இல்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் பொருள். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. புதிய ஏ.சி.யில் பெரும்பாலும் அது செப்புக் குழாயின் வாயை விரித்து நட்டால் இறுக்கும் இணைப்பில்தான் இருக்கும். அதாவது பொருத்தியவரின் வேலைக்குறை. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் மறுபடி சில வாரங்களில் இதே கதை.

அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கசிவு எங்கே என்று அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவிக் காட்ட வேண்டும். அடைத்த பிறகு வாக்குவம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். வெளிப்புற யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் குறித்த எடைப்படி, தராசு வைத்து நிரப்ப வேண்டும். இதில் எதற்கும் நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை என்று பொருத்தியவரிடமும் விற்றவரிடமும் வாதாடுங்கள். இப்போது பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32 வாயு லேசாகத் தீப்பற்றக் கூடியது. பயிற்சி இல்லாதவரைக் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: புதிய மிக்சியை நான்தான் முதலில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் வாடை வந்து நின்றுவிட்டது. வீட்டில் எல்லாரும் என்னையே குறை சொல்கிறார்கள். அன்றிலிருந்து அதைத் தொடவே பயமாக இருக்கிறது.

சகோதரி, முதலில் மிக்சியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சிறிய பொத்தான், பெரும்பாலும் சிவப்பில், இருக்கும். பாரம் கூடினால் மோட்டார் எரியாமல் இருக்க அது தானே விடுபட்டு மின்சாரத்தை நிறுத்தும். பிளக்கை எடுத்துவிட்டு, மோட்டார் நன்றாக ஆறும்வரை விட்டு, பொத்தானை உள்ளே அழுத்துங்கள். ஓடினால், மிக்சி தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டது என்று அர்த்தம். முதல் சில தடவை மோட்டார் கம்பியின் வார்னிஷ் சூடாகி வாடை வருவதும் சகஜம். புகை வந்தால் அது வேறு. உடனே நிறுத்தி, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குறைந்த அளவு போட்டு அரைக்கும்போதும் பொத்தான் விடுபட்டுக்கொண்டே இருந்தாலும் அப்படித்தான்.

வீட்டில் உள்ளவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்: சாதாரணமாகப் பயன்படுத்தியதற்கே கெட்டுப்போகும் சாதனம், பெட்டியைப் பிரிக்கும் முன்பே கெட்டிருந்தது. முதலில் சுவிட்சைப் போட்டவர் யார் என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தயாரித்தவர் மேல் போக வேண்டிய பழி வீட்டில் ஒருவர் மேல் விழுவதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். பழுதைவிட அதுதான் எனக்கு வேதனை தருகிறது.

கேள்வி: மைக்ரோவேவில் விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சூடாகவில்லை. என் தம்பிக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும். திறந்து பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 2000 வோல்ட்டுக்கும் மேல் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். விவரம் தெரிந்தவர்களே இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். வாரண்டி போவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: புதிய கீசரைப் போட்டாலே வீட்டு மெயின் விழுகிறது. எலக்ட்ரீஷியன் அந்த டிரிப்பரை மட்டும் விலக்கிவிட்டு நேர் இணைப்பு தருகிறேன் என்கிறார். தவிர, மேலே உள்ள வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அவரை அனுப்பிவிடுங்கள். கசிவு மின்னோட்டம் 30 மில்லி ஆம்பியரைத் தொடும்போது துண்டிக்கும்படி வைத்த கருவி அது. குளியலறையில் ஈரக்கையோடு நிற்பவரின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது. தண்ணீர் நிரம்பும் முன் கீசரைப் போட்டிருந்தால் கம்பிச்சுருள் வெந்திருக்கும். கிடங்கில் நாள்பட இருந்ததில், சுருளைச் சுற்றியுள்ள மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் உறிஞ்சியிருந்தாலும் மின்சாரம் கசியும். எதுவாக இருந்தாலும் சுருளை மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள். அதுவரை கீசரைத் தொடாதீர்கள்.

வால்வு சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை இல்லை. தண்ணீர் சூடானால் விரியும்; 25 லிட்டர் தொட்டியில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வெளியேறலாம். ஆறிய பிறகும் நிற்காமல் சொட்டினால் புகார் செய்யுங்கள். அந்த வால்வை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடைக்காரர் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார். கம்பெனி கடையைக் கேளுங்கள் என்கிறது. எத்தனை நாள் பந்தாடப்படுவது?

இருவருக்கும் ஒரே கடிதத்தை, ஒரே நேரத்தில், ஒருவருக்கு அனுப்பியது மற்றவருக்குத் தெரியும்படி அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியதற்குச் சாட்சி கிடையாது. உங்களிடம் பணம் வாங்கியது கடை. வாரண்டி என்பது தயாரித்தவர் தனியாகக் கொடுத்த உறுதி. ஒன்று இருப்பதால் மற்றொன்றின் பொறுப்பு நீங்காது. பல நாடுகளின் நுகர்வோர் சட்டம் விற்றவரையும் பொறுப்பாக்குகிறது.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். "இன்ன தேதியில் இன்ன பில்லில் வாங்கிய, இன்ன வரிசை எண் கொண்ட சாதனம், இன்ன தேதியில் இப்படிப் பழுதானது. வீடியோ இணைத்திருக்கிறேன். இதற்குப் பதிலாகப் புதிய சாதனம் வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். இன்ன தேதிக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்." இவ்வளவு போதும். 'கொஞ்சம் பாருங்கள்' என்று எழுதினால் பார்ப்பதோடு நின்றுவிடும். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் கேளுங்கள்.

கேள்வி: அட்டைப்பெட்டியைப் போட்டுவிட்டேன். இனி மாற்ற முடியாதா?

பல கடைகள் அப்படிச் சொல்லித் தட்டிக்கழிக்கும். வரிசை எண் சாதனத்தின் உடலில்தான் ஒட்டியிருக்கிறது, பில்லோடு அது போதும் என்று வற்புறுத்துங்கள். அடுத்த முறை, திருப்பித் தரும் கெடு முடியும்வரை பெட்டியை வைத்திருங்கள்.

கேள்வி: பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஒரே போர்டை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள். மறுபடி போய்விட்டது. கூடுதல் வாரண்டி வாங்கச் சொல்கிறார்கள்.

ஒரே உறுப்பு திரும்பத் திரும்பப் போனால் நோய் பெரும்பாலும் அந்த உறுப்பில் இருக்காது. மேலே எங்கோ கசியும் தண்ணீர் போர்டில் சொட்டலாம், பம்ப் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம், உங்கள் வீட்டு மின்னழுத்தமே ஏறி இறங்கலாம். இயந்திரம் ஓடும்போது மின்னழுத்தத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால் மூன்றாவது முறையும் போர்டை மாற்றுவதை ஏற்காதீர்கள். ஒரே பழுது இரண்டாம் முறை வந்தவுடனேயே புதியதோ பணமோ கேட்டுவிட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

கூடுதல் வாரண்டியை நான் பரிந்துரைப்பதில்லை. பிறவிக் குறைகள் வெளிவருவது தயாரிப்பாளரின் சொந்த வாரண்டிக் காலத்தில். தேய்மானம் வருவது பல ஆண்டுகள் கழித்து. நடுவில் இருக்கும் அமைதியான காலத்துக்குத்தான் உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

கேள்வி: வேலைக்கு விடுப்பு எடுத்து, மெக்கானிக் வருவார் என்று நாள் முழுக்கக் காத்திருக்கிறேன். வந்தால் 'பார்ட் இல்லை' என்று போய்விடுகிறார். மனமே விட்டுப்போய்விட்டது.

உங்கள் சோர்வு எனக்குப் புரிகிறது. ஒரு பழுது ஒரு குடும்பத்தின் எத்தனை நாட்களைத் தின்றுவிடுகிறது என்று நிறுவனங்கள் எண்ணுவதே இல்லை. எங்கள் தொழிலில் இருப்பவர்களும் எண்ண வேண்டும்.

இனி வருமுன்பே திரையில் தெரியும் பிழைக்குறியீடு, மாடல் எண், சத்தத்தோடு எடுத்த வீடியோ மூன்றையும் அனுப்பி, எந்த உறுப்பு தேவைப்படும் என்று கேளுங்கள். உறுப்பு கையில் வந்த பிறகே வரட்டும். காலையா மாலையா என்று எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு வருகைக்கும், வந்தும் வேலை நடக்காத வருகைக்கும், தேதியோடு ரசீது வாங்குங்கள். மாற்றுப் பொருள் கேட்கும்போது அந்த ரசீதுகள்தான் பேசும். வேலை முடிந்தது என்று கையெழுத்துக் கேட்டால், ஒரு முழுச் சுற்று ஓட்டிக் காட்டும்வரை போடாதீர்கள். அவசரம் என்று அவர் கிளம்பினால், 'ஓட்டிக் காட்டப்படவில்லை' என்று எழுதி அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.