சுருட்டி இழுப்பது நரம்பு இல்லை, தசை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து 56 வயது பேருந்து ஓட்டுநர் கேட்கிறார்: "12 வருடமாகச் சர்க்கரை. ராத்திரி கெண்டைக்காலில் நரம்பு சுருட்டி இழுக்கிறது, பாதமும் மரத்துப்போகிறது. தேக்காவில் ஒருவர் 10 தடவை வந்தால் அமுக்கி நரம்பை எடுத்துவிடுகிறேன் என்கிறார், மாத்திரையும் தருகிறார். போகலாமா?"

போகாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

நரம்பு சுருளாது ஐயா. சேதி கொண்டுபோவதுதான் அதன் வேலை, சுருங்குவதும் இழுப்பதும் தசை. நம் பேச்சில் ரத்தக்குழாய், தசைநாண் எல்லாமே 'நரம்பு'தான், இவர்கள் பிழைப்பு நடப்பதும் அந்தக் குழப்பத்தில்தான். கெண்டைக்காலில் கல் மாதிரி திரண்டு கையில் அகப்படுவது தசை. காலை நீட்டி, விரல்களை முகத்தை நோக்கி இழுத்துப் பிடியுங்கள், மெல்ல விட்டுவிடும்.

பாதம் மரத்துப்போவதுதான் நரம்பு விஷயம். சர்க்கரையால் வருவது பெரும்பாலும் இரண்டு காலிலும், விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட மாதிரி மேலே ஏறும். அமுக்கினால் போகாது. மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கொப்புளம் வந்தபிறகு மனைவி சொல்லித்தான் தெரிந்தது என்று வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மாத்திரை என்ன? பெயர் இல்லாத பொட்டலமா? இப்படி விற்கும் வலி மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நாலு நாளில் வலி பறந்துவிடும், சர்க்கரையும் எகிறும். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஒரு கெண்டைக்கால் வீங்கி, சூடாக, சிவந்து, வலி விடாமல் இருந்தால், அதுவும் உங்களைப் போல மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருப்பவருக்கு அல்லது நீண்ட விமானப் பயணம் முடிந்து வந்தவருக்கு, அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அமுக்கவே கூடாது, நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் ஆம்புலன்ஸுக்கு 995.

மற்றபடி பாலிகிளினிக். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறீர்களா? வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மருந்து அதைக் குறைக்கலாம், அது குறைந்தாலும் பாதம் மரத்துப்போகும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை வருடம் ஒருமுறை நடக்க வேண்டும். ஆனால் ரத்தம் எடுக்க ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை, நடுவில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம், அதிலும் பாதி கணினித் திரைக்கே போய்விடுகிறது, காலை யார் பார்க்கிறார்கள்? உள்ளே நுழைந்ததும் ஷூவையும் காலுறையையும் நீங்களே கழற்றிவிடுங்கள்.