பெண்கள் மேஜிக் கற்க ஆரம்பிக்கும்போது எந்த வகையிலிருந்து தொடங்கலாம்?

சீட்டா, காசா, மேடைப் பெட்டியா, மனதைப் படிக்கிற வித்தையா, பெண்ணாக இருக்கிற எனக்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் கயிறு. பெண் என்பதால் கயிறு என்று சொல்லவில்லை, அதனால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

உங்களுக்கு இருபதை ஒட்டிய வயது இருக்கும், யூடியூபில் பார்த்து ஒரு சீட்டுக்கட்டு வாங்கியாயிற்று, வீட்டில் இன்னும் சொல்லவில்லை, யாரோ ஒருவர் "பொம்பளப் பிள்ளைக்குப் பூவும் பட்டுக் கைக்குட்டையும் போதும்" என்று சொல்லியிருக்கிறார். நானாக நினைத்துக்கொள்கிறேன், தவறென்றால் மன்னிக்கவும். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

நான் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பத்தொன்பது வயதில் மேஜிக் கற்க வேண்டும் என்று வெளி மாவட்டத்தில் ஒரு குழுவிடம் போனேன். போன அன்றைக்கு அவர்கள் கேட்ட முதல் கேள்வி உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு. இரண்டாவது கேள்வியே இல்லை, பெட்டிக்குள் படுக்கச் சொல்லி அளவு பார்த்தார்கள். ஒன்றரை வருடம் அந்தப் பெட்டிதான் எனக்கு. பெண்ணைப் பெட்டியில் வைத்து அறுக்கிற வித்தையை பி. டி. செல்பிட் என்பவர் 1921-இல் லண்டனில் மேடையேற்றினார், அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பெட்டிக்குள் படுப்பது பெரும்பாலும் பெண்தான். நம் நாட்டு பி. சி. சர்க்கார் 1956-இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு பெண்ணை இரண்டாக அறுத்துக் காட்டினார். அவள் எழுந்திருப்பதற்குள் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது, செத்துவிட்டாள் என்று பயந்துபோய் மக்கள் பிபிசிக்கு போன் மேல் போன் போட்டார்கள். சர்க்கார் பெயர் எல்லோருக்கும் தெரியும். படுத்திருந்தவர் பெயர் தீப்தி தே, அது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெட்டிக்குள் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வித்தையில் பாதிக்கு மேல் உழைப்பு உள்ளே இருப்பவளுடையது. இருட்டு, புழுக்கம், மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வித்தைக்காரர் பேசும் வசனத்தை எண்ணிக்கொண்டு உடம்பை நகர்த்த வேண்டும். ஒரு நொடி தவறினால் மானம் போவது அவருக்கு, அடி படுவது எனக்கு. கைதட்டல் மட்டும் வெளியே நிற்பவருக்கு. எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது "உன் கை சின்னது, கோட்டும் போட முடியாது, கைவித்தை உனக்கு வராது" என்றார்கள்.

இதைப் படிக்கும் மேஜிக் அண்ணன்மார் கோபப்பட வேண்டாம். எல்லோரும் அப்படி என்று நான் எழுதவில்லை. எனக்குப் பிறகு காசு வாங்காமல் கற்றுக்கொடுத்ததும் ஓர் ஆண்தான். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

கை சின்னது என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் சீட்டில் போக்கர் அளவு, பிரிட்ஜ் அளவு என்று இரண்டு உண்டு. போக்கர் சீட்டின் அகலம் சுமார் 63 மி.மீ., பிரிட்ஜ் சீட்டு சுமார் 57. அந்த ஆறு மில்லிமீட்டரில் சின்னக் கையின் கஷ்டம் நிறையவே குறைந்துவிடும். காசும் அப்படித்தான். வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவும் அமெரிக்க அரை டாலரை வைத்து எழுதப்பட்டவை, அது 30 மி.மீ.க்கும் மேல். நம் பத்து ரூபாய்க் காசு 27 தான், கனமும் நன்றாக இருக்கும், நான் அதில்தான் பழகினேன். கோட்டு விஷயம் கொஞ்சம் உண்மை. "இடது கோட்டுப் பையில் போடவும்" என்று புத்தகத்தில் இருக்கும், சுடிதாரில் பையே இருக்காது. நான் தையல்காரரிடம் சொல்லி இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்துத் தைத்துக்கொண்டேன், பிரச்சினை தீர்ந்தது. சேலையில் அதைவிட வசதி, அதை இங்கே விளக்கமாட்டேன்.

பத்து ரூபாய்க் காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். எங்கள் பக்கம் கடையில் நீட்டினால் இன்றைக்கும் "இது செல்லாது" என்று திருப்பித் தருகிறார்கள். அதுவரை வந்திருந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிக்கை விட்டுவிட்டது. ஒருமுறை நிகழ்ச்சி முடிந்து இரவு கடைசி பஸ்ஸில் கையில் இருந்தது எல்லாம் பயிற்சிக்கு வைத்திருந்த பத்து ரூபாய்க் காசுகள், நடத்துனர் வாங்க மறுத்துவிட்டார். பக்கத்து இருக்கை அக்கா நோட்டு கொடுத்து டிக்கெட் எடுத்தார். அரசாங்கம் அச்சடித்த காசை வைத்துக்கொண்டு பிச்சை கேட்பதுபோல நிற்க வேண்டியிருந்தது. இதை யார்தான் சரிசெய்வார்கள்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணுக்கு வராது என்று சொல்வது இன்று நேற்று வந்ததில்லை. லண்டன் மேஜிக் சர்க்கிள் 1905-இல் தொடங்கிய சங்கம், 1991 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. சோஃபி லாய்ட் என்ற பெண் ரேமண்ட் என்று பையன் வேஷம் போட்டுக்கொண்டு அங்கே வித்தை செய்து காட்டித் தேர்வில் தேறிவிட்டார். அதே வருடம் பெண்களைச் சேர்க்க முடிவானதும் நான் பெண் என்று வெளியே சொன்னார், ஏமாற்றிவிட்டாய் என்று அவரை நீக்கிவிட்டார்கள். 2025-இல்தான் மன்னிப்புக் கேட்டுத் திரும்பச் சேர்த்தார்கள். ஏமாற்றுவதையே கலையாக வைத்திருப்பவர்கள், அவர்களையே ஏமாற்றியவளை வெளியே தள்ளியது எனக்கு இன்றும் ஆறவில்லை. அமெரிக்காவில் அடிலெய்ட் ஹெர்மன், 1896-இல் கணவர் இறந்த பிறகு அவருடைய முழு நிகழ்ச்சியையும் தானே ஏற்று முப்பது வருடம் நடத்தியிருக்கிறார், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கிற வித்தை உட்பட. அவரிடம் யாராவது கைக்குட்டை போதும் என்று சொல்லியிருப்பார்களா?

குழுவை விட்டு வந்ததும் நான் சீட்டைத்தான் எடுத்தேன். எங்கள் ஊருக்கு அது சரிப்படவில்லை. பாம்பன் பாலத்து இரும்பையே அரிக்கிற உப்புக் காற்றில் காகிதச் சீட்டு இரண்டு வாரத்தில் நமுத்து ஒட்டிக்கொள்ளும், விசிறிபோல விரியாது. ஜூலையில் ஊர்த் திருவிழா, கச்சான் காற்று அடிக்கிற நேரம். கோயில் திடலில் சொந்தக்காரர்கள் முன்னால் சீட்டை விரித்தேன், ஒரே வீச்சில் பாதிக் கட்டு மணலில் போய்விட்டது. யாரும் சிரிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓடி ஓடிப் பொறுக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வருடம் மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அப்பா வீட்டில். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருப்பார், நான் எதிரே ஒரு கயிற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் கவனித்தேன், அவர் தன் கையைப் பார்ப்பதே இல்லை. தெருவில் போகிறவரோடு பேசுகிறார், முடிச்சு தானாக விழுகிறது. மேஜிக்கில் எனக்கு வராத விஷயமே அதுதான், நான் என் கையைப் பார்ப்பேன், நான் பார்த்தால் பார்க்கிறவர்களும் அங்கேதான் பார்ப்பார்கள். அன்றிலிருந்து அப்பாவிடம் முடிச்சு கற்றேன். சிறுவயதிலிருந்து கயிறு தொட்ட கை என்பதால் சீட்டில் ஒரு வருடம் ஆனது இதில் ஒரு மாதத்தில் வந்தது.

பாம்பன் சின்னப்பாலத்தில் பெரியம்மா வீடு. அங்கே கடலில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் கரைக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது பெரியம்மா என்னைக் கூப்பிட்டு "காட்டு தாயி" என்றார். கயிற்றில் முடிச்சுப் போட்டு, ஊதி, காணாமல் ஆக்கிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வாத்தியார்களும் வாய் பிளந்த வித்தை அது. அங்கே வயதான ஓர் ஆத்தா, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், "அது உருவாஞ்சுருக்குல்ல, இழுத்தா வரத்தான் செய்யும்" என்றார். என் கயிற்றை வாங்கி அவரே ஒரு முடிச்சுப் போட்டார். "இதக் காணாம ஆக்கு." என்னால் முடியவில்லை. யாரும் கேலி செய்யவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

நான்கு மாதம் பழகினேன், பார்க்கிறவரே முடிச்சுப் போட்டாலும் வேலை செய்கிற முறை ஒன்றை. திரும்பப் போனேன். ஆத்தா இறுக்கிப் போட்டார், நான் எடுத்துக் காட்டினேன். கயிற்றை வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்தார், இரண்டாவது முறையும் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவே இல்லை. நான் வாங்கிய பொன்னாடைகளை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு "சரி"க்கு ஈடாகாது.

இப்போது எல்லோரும் மனதைப் படிக்கும் வித்தைதான் கேட்கிறார்கள். சுஹானி ஷா 1997-இல் ஏழு வயதில் அகமதாபாத்தில் மேடையேறி இன்று அந்த வகையில் நாடறிந்தவர், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. ஆனால் நீங்கள் என்னைப்போல ஊரில் இருப்பவர் என்றால் முதல் வித்தையாக அதை எடுக்காதீர்கள். வெறும் கயிறு காட்டிய எனக்கே ஒருநாள் காலையில் ஓர் அம்மா எலுமிச்சம்பழமும் பிள்ளையின் சட்டையும் எடுத்துக்கொண்டு வந்து "செய்வினை எடுத்துவிடுத்தா" என்று நின்றார். பிள்ளைக்கு ஐந்து நாள் காய்ச்சல். எனக்கு மந்திரம் தெரியாது, இது கைப்பழக்கம் என்று கயிற்றைக் காட்டிச் சொல்லியும் நம்பவில்லை. நானே கூடப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன், டைபாய்டு. 2001 ஆகஸ்டில், தர்காவில் வேண்டினால் குணமாகும் என்று நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவரும் ஏர்வாடியில், ஒரு காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். நோய்க்கு மருந்தைவிட மாந்திரீகத்தை நம்பி வருகிறவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் முன்னால் "உன் மனதில் இருப்பதைச் சொல்கிறேன்" என்று நிற்க எனக்குத் துணிவில்லை. பெண் என்றால் சூனியக்காரி என்ற பெயரும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் முதல் வாக்கியமே "இது கைவித்தை, மந்திரம் இல்லை" என்பதுதான். அப்படிச் சொன்னால் சுவை போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். எனக்குப் போகவில்லை.

உங்கள் கைக்கு ஏற்கெனவே பழகியது வேறாக இருக்கலாம். பூக்கட்டுகிறவர், தையல் தெரிந்தவர் என்றால் நூலில் தொடங்குங்கள், சீட்டு ஆடி வளர்ந்தவர் என்றால் சீட்டையே எடுங்கள், நான் தடுக்கவில்லை. ஒன்றும் இல்லையென்றால் கயிறு. பருத்திக் கயிறாக, சுண்டுவிரல் தடிமனில் வாங்குங்கள், நைலான் வழுக்கும், விறைத்துக்கொண்டும் நிற்கும். உள்ளே தனித் திரி ஓடினால் அதை உருவிவிட்டால் கயிறு குழைவாக விழும். ஒன்றரை மீட்டராக வெட்டி, முனை பிரியாமலிருக்க ஃபெவிகால் தடவி ஓர் இரவு காயவிடுங்கள். வெட்டிப் பழகிய சின்னத் துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள், பஸ்ஸில் போகும்போது கையைப் பார்க்காமல் முடிச்சுப் போட அவை போதும்.