பி.எஸ்சி. இயற்பியல் முடித்தால் ஆசிரியர் வேலை மட்டும்தானா?

கடலூரில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், பி.எட். முடித்து ஆசிரியராவதைத் தவிர வேறு வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே ஊரில் அதே பட்டம் பெற்று, இப்போது புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளராக இருப்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

புற்றுநோயாளிக்கு எவ்வளவு கதிர்வீச்சு தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அந்த அளவு கட்டியை மட்டும் சென்றடைந்து, அருகிலுள்ள தண்டுவடத்தையோ நுரையீரலையோ இயன்றவரை தொடாதபடி கதிர்களின் திசைகளைக் கணக்கிடுவதும், காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் இயந்திரம் சரியான அளவைத்தான் தருகிறதா என்று அயன் சேம்பர் என்ற கதிர்வீச்சு அளக்கும் கருவியை வைத்து அளந்து பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளின் அரை ஆயுள், அதாவது அதன் வலு பாதியாகக் குறையும் காலம், 5.27 ஆண்டுகள் என்று தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதைக் கொண்டு சிகிச்சை தரும் கோபால்ட் இயந்திரத்தில் அந்தக் கதிர்மூலம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு விழுக்காடு வலுவிழப்பதால், நோயாளி படுத்திருக்க வேண்டிய நேரத்தை அதற்கேற்ப நாங்கள் நீட்டிக்கொண்டே போக வேண்டும். இந்த வேலைக்கு மருத்துவ இயற்பியலில் எம்.எஸ்சி. படிக்கலாம், அல்லது, நான் செய்ததுபோல், எம்.எஸ்சி. இயற்பியலுக்குப் பின் கதிரியல் இயற்பியலில் முதுநிலைப் பட்டயம் பெறலாம். அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. இயற்பியலாளர் இல்லாமல் கதிர்வீச்சு சிகிச்சை மையம் நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அனுமதிப்பதில்லை.

அவ்வளவு காலம் படிக்க வீட்டுச் சூழல் இடம் தராவிட்டால், பி.எஸ்சி.யோடு போகக்கூடிய நல்ல வேலை ஒன்று நம் பக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பட்டம் இருந்தால், இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்குத் தேர்வு எழுதலாம். பொதுப்பிரிவினருக்கு வயது வரம்பு 27. எனக்கு இது தெரியவந்தபோது வயது 28. வானிலை ஆய்வுத் துறையின் அறிவியல் உதவியாளர் பணிக்கும் இயற்பியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்கு அந்தத் துறை எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சியில் நாட்டமிருந்தால், ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வை இறுதியாண்டிலேயே எழுதுங்கள். தேர்வு பிப்ரவரியில்தான் நடக்கும் என்றாலும் விண்ணப்பம் முந்தைய ஆண்டிலேயே முடிந்துவிடும் என்பதைத்தான் எங்கள் வகுப்பில் பலர் கவனிக்கவில்லை. எம்.எஸ்சி.யில் 60 விழுக்காடு இருந்தால் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளிக்கும் முயலலாம். அத்துறையின் ஆராய்ச்சி மையம் ஒன்று கல்பாக்கத்திலேயே இருக்கிறது. மென்பொருள் வேலைக்கும் இயற்பியல் பட்டம் தடையில்லை, ஆனால் நிரல் எழுதத் தனியாகக் கற்க வேண்டும். ஆசிரியர் பணியையும் முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள், எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கான தேர்வை எழுதலாம்.

உங்கள் துணைப்பாடங்களில் கணிதம் இருக்கிறதா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அதைத் தெரிவித்தால், விமான நிலையப் பணியைப் பற்றி இன்னும் திட்டவட்டமாகச் சொல்ல முடியும்.