பல்லைப் பிடுங்காமல் அனுப்பிய மாணவி

கேள்வி: எனக்கு வயது 64. கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க, கோலாலம்பூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனேன். பார்த்தது ஒரு மாணவி. பெயரைத் திரும்பத் திரும்பக் கேட்டார், எக்ஸ்ரேயை வைத்துப் பல்லை எண்ணினார், பிறகு விரிவுரையாளரைக் கூப்பிட்டார். கடைசியில் பிரஷர் அதிகம் என்று அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டார்கள். என் வாயில் தொழில் பழகுகிறார்களோ? கருவியால் எச்ஐவி வரும், பல் பிடுங்கினால் பார்வை போகும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சர்க்கரை, பிரஷர் இரண்டையும் அங்கே சொன்னேன். வாரம் ஒருமுறை போடும் எலும்புத் தேய்மான மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை, அது பல்லுக்குச் சம்பந்தமில்லையே. வலிக்கு, மிச்சமிருந்த அமோக்சிசிலின் போடுகிறேன்.
– வாசகி, செந்தூல்

பதில்: பழகத்தான் செய்கிறார்கள் அம்மா. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972-ல் பல் மருத்துவப் படிப்பு தொடங்கிய காலத்திலிருந்து இப்படித்தான், விரிவுரையாளர் மேற்பார்வையில், நோயாளிகளிடம் கற்று டாக்டரானார்கள். நீங்கள் குறையாக எழுதிய எல்லாமே அந்த மாணவி சரியாகச் செய்தவை. தப்பான பல்லைப் பிடுங்கிய கதை உலகம் முழுக்க உண்டு. பல் மருத்துவர்களின் குறியீட்டில் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லின் எண் 46, இடப்பக்கம் அதுவே 36. ஒரு எண் மாறினால் போதும், நல்ல பல் தட்டில் கிடக்கும். அதனால்தான் பெயரும் எக்ஸ்ரேயும் எண்ணிக்கையும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இத்தனை பல் பிடுங்கினால்தான் தேர்வுக்குப் போகலாம் என்று மாணவர்களுக்குக் கணக்கு இருக்கும். உங்களைத் திருப்பி அனுப்பியதில் அவர் கணக்கில் ஒன்று குறைந்தது. நோயாளி முன்னால் விரிவுரையாளரைக் கூப்பிடுவதும் அந்த வயதில் கூச்சமான காரியம். "இதுகூடத் தெரியாதா?" என்று நாம் முகம் சுளித்தால், அடுத்த நோயாளிக்குச் சந்தேகம் வரும்போது அவர் கேட்காமலே பல் பிடுங்கும் இடுக்கியை எடுப்பார். எனக்குப் பயம் கேட்காத மாணவரிடம்தான்.

பார்வை போகாது. கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. கருவிகள் உறையிலிட்டு 134 டிகிரி நீராவியில் வெந்து வருகின்றன, எச்ஐவி அதில் பிழைக்காது. உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லலாம், தப்பில்லை. வாட்ஸ்அப்பை விடுங்கள்.

நீங்கள் பயப்படாத இடத்தில்தான் நான் பயப்படுகிறேன். அந்த எலும்பு மாத்திரை, பெரும்பாலும் அலெண்ட்ரோனேட்டாக இருக்கும், தாடை எலும்பிலும் வேலை செய்கிறது. அதைப் போடுகிறவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய குழி மூடாமல் எலும்பு வெளியே தெரிந்தபடியே நின்றுவிடும். எட்டு வாரம் கடந்தும் அப்படியே இருந்தால் அது சாதாரணப் புண் அல்ல. மாத்திரையாகப் போடுகிறவர்களுக்கு இது அபூர்வம்தான். பல வருஷம் போட்டிருந்தால் வாய்ப்பு கூடும், சர்க்கரையும் சேர்ந்தால் ஆறுவது இன்னும் மந்தம். சொன்னால் அதற்கேற்பத் திட்டமிடுவார்கள், வேர்ச்சிகிச்சையில் (ரூட் கெனால்) பல்லைக் காப்பாற்ற முடியுமா என்றும் பார்ப்பார்கள். அந்த மாணவி எத்தனை முறை சரிபார்த்தாலும், நீங்கள் சொல்லாததை அவர் எப்படிப் பிடிப்பார்? தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே கல்லூரிக்குப் போன் செய்து சொல்லுங்கள். எத்தனை வருஷமாகப் போடுகிறீர்கள் என்பதையும் சேர்த்து. பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், இடுப்பு எலும்பு முறிந்தால் பல்லைவிடப் பெரிய தலைவலி.

அமோக்சிசிலின் கிருமிக்கான ஆன்டிபயாடிக், வலி மாத்திரை இல்லை. யாருக்கோ எப்போதோ கொடுத்ததில் மிச்சத்தை விழுங்குவது வைத்தியமா? இன்றோடு நிறுத்துங்கள், போட்டதையும் அவர்களிடம் சொல்லுங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும். பொன்ஸ்டான் வகை வலி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும், பிறகு மறுபடியும் திருப்பி அனுப்புவார்கள். தாடைக்கு அடியில் வீங்கி, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால் கல்லூரிக்குப் போன் செய்துகொண்டிருக்காதீர்கள், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.